புள்ளி நான்கு

ஒரு கிலோ அரிசியை முறத்தில் கொட்டினால் ஏறக்குறைய 50,000 மணிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு மணியை எடுத்து 50 துணுக்காக உடைக்க முடிந்தால், ஒரு துணுக்கின் எடை 0.4 மில்லிகிராம். முறத்திலுள்ள அரிசி முழுவதிலும் கலந்திருக்கிற காட்மியத்தை ஒன்றாகத் திரட்டினால், அது இந்தத் துணுக்கின் எடையைத் தாண்டக் கூடாது. தீட்டிய அரிசிக்கு கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர ஆணையம் 2006-இல் வகுத்த வரம்பு இது.

அட்டவணையில் இந்த எண்ணைப் பார்க்கிறவர்கள், ஆய்வுக்கூடத்தில் யாரோ எலிகளை வைத்துக் கணக்குப் போட்டு எழுதியது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதன் பின்னாலேயே நடந்து போனபோது அது ஜப்பானில் ஓர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே படுக்கையில் புரளக்கூட முடியாமல் கிடந்த குடியானவப் பெண்கள்தான் இந்த எண்ணைப் பெற்றவர்கள்.

ஆற்றின் பெயர் ஜின்ஸு. ஹிடா மலைப் பகுதியிலிருந்து வடக்கே இறங்கி, டொயாமா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்ந்து, ஜப்பான் கடலில் சேர்கிறது. அதன் துணையாறான தகஹாராவின் கரையில், மலைக்குள் இருக்கிறது கமியோகா சுரங்கம். இன்று அந்தப் பெயர் இயற்பியல் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். நியூட்ரினோத் துகள்களைப் பிடிக்க மலைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டிய இடம் அது. 2002, 2015 ஆண்டுகளின் நோபல் பரிசுகளுக்கு அந்த மலை காரணம். அதே மலைதான் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களுக்கு வேறொன்றையும் அனுப்பியது என்பதைக் கூடவே சொல்லித் தர வேண்டும்.

பழங்காலத்திலிருந்தே அங்கே வெள்ளியும் ஈயமும் வெட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிட்சுயி குழுமம் சுரங்கத்தை வாங்கிப் பெரிதாக்கியது. அப்போதெல்லாம் துத்தநாகத்துக்கு மதிப்பில்லை. ஈயத்தை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழிவோடு கொட்டினார்கள். 1905-ஐ ஒட்டி, ரஷ்யாவோடு போர் நடந்த காலத்தில், துத்தநாகத்துக்கும் கிராக்கி வந்தது. அடுத்தடுத்து வந்த போர்கள் உற்பத்தியை ஏற்றிக்கொண்டே போயின. தாதுவை மாவுபோல அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறை பிறகு வந்தது. வேலைக்கு அது நல்ல முறை. ஆற்றுக்குத்தான் கேடு. கல்லாகக் கிடந்த கழிவு அப்படியே அடியில் தங்கும்; மாவாகிவிட்ட கழிவு தண்ணீரோடு ஊர் ஊராகப் போகும்.

துத்தநாகம் இருக்கும் இடத்தில் காட்மியம் இருக்கும். இரண்டும் ஒரே தாதுவில் கிடக்கிற கூடப்பிறப்புகள். காட்மியத்தைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். 1817-இல் ஜெர்மனியில் ஷ்ட்ரோமையர் என்ற வேதியியல் பேராசிரியர் மருந்துக் கடைகளை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். களிம்புக்குப் பயன்படும் துத்தநாகப் பொடியைச் சுட்டால் வெள்ளையாக வர வேண்டியது மஞ்சளாக வந்தது. ஏன் என்று தோண்டியபோது வந்து நின்றது புதிய உலோகம். பிறந்த நாளிலிருந்தே அது வேறொன்றில் கலந்த அழுக்காகத்தான் மனிதர் கண்ணில் பட்டிருக்கிறது.

கீழே சமவெளியில், கேட்டை முதலில் சொன்னது நெல்தான். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து மடைவாயில் வயலுக்குள் நுழையும். நுழைந்ததும் வேகம் குறையும். சுமந்து வந்த பொடி அங்கேயே படியும். மடைவாயை ஒட்டிய நாற்று கூழையாக நிற்கும், தூர் கட்டாது. வயலின் மறுகோடியில் பயிர் பரவாயில்லாமல் இருக்கும். ஒரே வயல், ஒரே விதை, ஒரே உழைப்பு. மடையிலிருந்து தள்ளிப் போகப் போகப் பச்சை கூடும். உழுகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. மலையிலிருந்து வரும் நஞ்சு என்று அவர்கள் அப்போதே சொன்னார்கள். பயிர்ச் சேதத்துக்காக முறையிட்டார்கள். அந்த விளைச்சல் தங்கள் எலும்பை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

1910-களிலிருந்தே அந்த வியாதி அங்கே இருந்தது என்று பின்னால் கணக்கிட்டார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; பல பிள்ளை பெற்று, மாதவிலக்கு நின்ற வயதை எட்டியவர்கள். முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி. பிறகு வாத்து நடப்பதுபோல இருபுறமும் சாய்ந்து நடை. பிறகு நடையே இல்லை. இருமினால் விலா எலும்பு முறியும். படுக்கையில் திரும்பினால் முறியும். ஒரு பெண்ணின் உடம்பில் 72 இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. விலாவில் மட்டும் 28. முதுகெலும்பு நசுங்கி உயரம் 30 சென்டிமீட்டர் வரை குறைந்தவர்கள் உண்டு. இத்தனைக்கும் நினைவு தவறாது. கடைசி நாள்வரை தெளிவாக இருந்து, தெளிவாகவே வலியைத் தாங்கியிருக்கிறார்கள். முன்வினை என்றார்கள், பரம்பரைச் சாபம் என்றார்கள். வீட்டு மருமகளுக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால் அவமானம் என்று உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திய குடும்பங்களும் இருந்தன.

ஜப்பானிய மொழியில் ‘இதாய்’ என்றால் ‘வலிக்குது’. அந்தப் பெண்கள் ‘இதாய், இதாய்’ என்று அரற்றியதால் அந்த வட்டாரத்து ஹகினோ மருத்துவமனையில் அவர்களை அந்தச் சொல்லாலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். 1955-இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று அதையே எழுத, வியாதியின் பெயர் ‘இதாய்-இதாய்’ ஆனது. மருத்துவ நூல்களில் நோய்களுக்குக் கண்டறிந்தவர் பெயர் இருக்கும், கிரேக்கச் சொல் இருக்கும். நோயாளியின் முனகலே பெயரான வியாதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

நொபொரு ஹகினோ அந்த ஊர்க்காரர், பரம்பரை மருத்துவர். போரிலிருந்து 1946-இல் திரும்பி வந்து ஃபுச்சுவில் தகப்பனார் வழி மருத்துவமனையை மறுபடி திறந்தார். கூட்டம் கூட்டமாக இந்தப் பெண்கள் வந்தார்கள். சத்துக் குறைவு, ஓயாத உழைப்பு, வெயில் படாத குளிர்நாடு என்று அப்போது மருத்துவர்கள் காரணம் சொன்னார்கள். ஹகினோ ஒரு வரைபடத்தை எடுத்து, நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வைத்தார். புள்ளிகள் ஜின்ஸுவின் இரு கரையிலும் திரண்டன. கிழக்கே குமனோ ஆறு, மேற்கே இதா ஆறு. அந்த ஆறுகளின் தண்ணீர் பாயும் பக்கம் புள்ளி விழவில்லை. வறுமையும் உழைப்பும் குளிரும் ஆற்றுக்கு ஆறு மாறாது. மாறியது தண்ணீர் மட்டும். 1957-இல் அவர் சுரங்க நஞ்சுதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சொன்னதற்கு அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. நாட்டுப்புற வைத்தியருக்கு என்ன தெரியும் என்று பெரிய இடங்களில் ஒதுக்கினார்கள். ஊரிலும் கசப்பு: இந்தப் பேச்சு பரவினால் எங்கள் அரிசியை யார் வாங்குவார்கள், எங்கள் ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நெல்லை விட்டால் வேறு பிழைப்பில்லாத ஊர் அது.

கை கொடுத்தவர்கள் இருவரும் வேளாண்மை சார்ந்தவர்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. கினிச்சி யோஷியோகா பயிர்ச் சேதத்தை அளக்க வந்தவர். நெல் நலிந்த இடத்தையும் பெண்கள் நலிந்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டும் பொருந்தின. ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜுன் கொபயாஷி ஆற்றுநீர் வேதியியலில் ஊறியவர். போர்க்காலத்திலேயே இதே வயல்களின் பயிர்க்கேட்டை ஆராய வந்து போனவர். தண்ணீர், நோயாளிகளின் எலும்பு, உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் நிறமாலைக் கருவியில் சோதித்தார். எல்லாவற்றிலும் காட்மியம், மிக அதிகமாக. 1961-இல் ஹகினோவும் யோஷியோகாவும் அதை மருத்துவ மாநாட்டில் அறிவித்தார்கள்.

காட்மியம் உடம்பில் செய்கிற வேலை மெதுவானது. சோற்றோடு போகிற துளி சிறுநீரகத்தில் தங்கிவிடும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். தேங்கத் தேங்க, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகும். உடம்பு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சிறுநீரோடு ஒழுகிவிடும். எலும்பு இளகிப் போகும். இரும்புச்சத்துக் குறைந்த குடல், காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். மாதவிலக்கும் பிரசவமும் தாய்ப்பாலும் இரும்பையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்ட உடம்புகளில் அது எளிதாகக் குடியேறியது. பெண்களையே ஏன் தேடிப் போனது என்பதற்கு இதுதான் விடை.

1968 மார்ச்சில் டொயாமா மாவட்ட நீதிமன்றத்தில் சுரங்க நிறுவனத்தின் மேல் வழக்கு. மே 8 அன்று சுகாதார அமைச்சகம், இதாய்-இதாய் வியாதிக்குக் காரணம் கமியோகாவிலிருந்து வந்த காட்மியம் என்று அறிவித்தது. மாசினால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்ட முதல் நோய் இது. சுரங்கச் சட்டப்படி கேட்டுக்குச் சுரங்கம்தான் காரணம் என்று காட்டினால் போதும், கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. யாருக்கு, எங்கே, எப்போது வந்தது என்ற கணக்கையே நீதிமன்றம் சான்றாக எடுத்துக்கொண்டது. ஹகினோவின் புள்ளிகள் சாட்சி சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். 1971 ஜூன் 30-இல் தீர்ப்பு நோயாளிகளின் பக்கம். மேல்முறையீடு 1972 ஆகஸ்ட் 9-இல் தள்ளுபடி.

இதற்கிடையில்தான் எண் பிறந்தது. வழக்கு நடக்கும்போதே நாடெங்கும் கேள்வி எழுந்தது: நாங்கள் சாப்பிடும் அரிசியில் எவ்வளவு? துத்தநாகம் எடுத்த மலை ஜின்ஸுவுக்கு மேலே மட்டும் இல்லையே. 1969-இல் எந்த வட்டாரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பிரிக்க, அரிசியில் 0.4 என்ற கோட்டை அரசு தற்காலிகமாகப் போட்டது. 1970-இல் சட்டம் வந்தபோது அதில் ஏறியது வேறு எண்: உமி நீக்கிய அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதற்கு மேலே இருந்தால் விற்கக் கூடாது. அப்படியானால் 0.4-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும் அரிசி? சட்டப்படி அது நல்ல அரிசி. ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே அரசே அதை விலை கொடுத்து வாங்கி, சோற்றுக்கு விடாமல், தொழிற்சாலைப் பசைக்கு அனுப்பியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த இரட்டைக் கோடு நீடித்தது. சட்டத்தில் ஒரு கோடு, மனசாட்சியில் ஒரு கோடு.

கோடெக்ஸில் பேச்சு வந்தபோது அரிசிக்கு முதலில் முன்வைக்கப்பட்ட எண் 0.2. ஜப்பான் 0.4 கேட்டது. 0.2 என்றால் கழிக்க வேண்டிய நெல் மிகுந்துவிடும், மக்கள் உடம்புக்குக் கிடைக்கிற கூடுதல் காப்போ மிகக் கொஞ்சம் என்பது அதன் வாதம். 2006-இல் 0.4 நிலைத்தது. 2011-இல் ஜப்பானும் தன் சட்டத்திலிருந்த 1-ஐ 0.4-ஆக இறக்கியது. சீனா 0.2-இல் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் 0.15-க்கு இறங்கியது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, உடம்பின் ஒரு கிலோ எடைக்கு மாதத்தில் 25 மைக்ரோகிராம் காட்மியம் வரை தாங்கும் என்று 2010-இல் சொன்னது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1.5 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறு தின்கிற உழைப்பாளி நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறார், அந்த அரிசியில் 0.4 இருக்கிறது என்றால், மாதத்துக்கு 3.6 மில்லிகிராம். வரம்புக்குள் நிற்கும் அரிசியே தாங்கும் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துவிடுகிறது.

வல்லுநர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கடையில் வாங்குகிறவர் இன்றைக்கு ஒரு வயல் அரிசியும் நாளைக்கு வேறொரு வயல் அரிசியும் தின்பார், எல்லா மூட்டையும் வரம்பைத் தொடாது, சராசரி கீழேதான் நிற்கும் என்பதே அவர்கள் கணக்கின் அடிப்படை. நகரத்துக்கு அது சரி. ஜின்ஸு கரையில் படுத்துக் கிடந்தவர்கள் கடையில் அரிசி வாங்கியவர்கள் இல்லை. தன் வயல் நெல், தன் குதிர், தன் உலை. ஐம்பது ஆண்டு, அறுபது ஆண்டு அதே மண். அவர்களுக்குச் சராசரி என்ற ஒன்றே கிடையாது. யாருடைய உடம்பால் இந்த எண் பிறந்ததோ, அவர்களைப் போல வாழ்கிறவர்களை அந்த எண் முழுதாகக் காக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தாய்லாந்தில் மே சொட் என்ற எல்லையோர ஊரில் இது மறுபடி நடந்தது. மேலே துத்தநாகச் சுரங்கம், கீழே ஓடை, ஓடையால் பாயும் நெல்வயல். இலங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் அங்கே மண்ணிலும் அரிசியிலும் மிகுதியான காட்மியத்தைக் கண்டார்கள். நெல்லை விட்டுவிட்டு எரிசாராயத்துக்குக் கரும்பு போடுங்கள் என்று அரசு சொன்னது.

ஜின்ஸு கரைக்காரர்கள் நெல்லை விடவில்லை. மண்ணை மாற்றினார்கள். மாற்றிப் போடும் மண்ணுக்கு ஜப்பானிய மொழியில் ‘கியாகுதோ’ என்று பெயர். ‘கியாகு’ விருந்தாளி, ‘தோ’ மண். விருந்து மண். 1,500 ஹெக்டேர் மாசுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, அதே வயலில் குழி வெட்டிப் புதைத்து, மேலே இறுக்கமாக ஒரு தளம் அடித்து, அதன்மேல் மலையிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணை ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார்கள். தளம் தண்ணீரைத் தாங்க வேண்டும். நெல்வேர் அதைத் துளைக்கக் கூடாது. மலைமண்ணில் உயிர்ச்சத்து இல்லை. உரமிட்டு, உழுது உழுது வயல்மண்ணாக்க வேண்டும். 1979-80 வாக்கில் தொடங்கிய வேலை 2012-இல் முடிந்தது. சுமார் 863 ஹெக்டேர் மறுபடி வயலானது. மீதியில் பெரும்பகுதி வீடாகவும் சாலையாகவும் மாறிவிட்டது. செலவு ஏறத்தாழ 4,070 கோடி யென். வேலை தொடங்கியபோது மண்வெட்டியோடு நின்ற குடியானவர்களில் எத்தனை பேர் முடிவைப் பார்த்திருப்பார்கள்?

எல்லா வயலிலும் மண் மாற்ற முடியாது. அதனால் தண்ணீரைக் கொண்டு சமாளிக்கிறார்கள். வயலில் நீர் தேங்கி மண்ணுக்குக் காற்றுப் போகாதபோது, காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அறுப்புக்காக நீரை வடித்துக் காயப்போட்டதும், காற்றுப் பட்டுக் கரைந்து வேரில் ஏறும்; பால் பிடிக்கிற மணிக்குள் போய்ச் சேரும். ஆகவே கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் தண்ணீர் வற்றவிடாதீர்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். ஆனால் மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் கதை தலைகீழ். தேங்கிய நீரில் ஆர்சனிக் கரையும், காய்ந்தால் அடங்கும். ஒன்றுக்கு மடையைத் திறந்தால் இன்னொன்றுக்கு மூட வேண்டும். தன் மண்ணில் எது அதிகம் என்று தெரியாத விவசாயி எந்தப் பக்கம் திரும்புவார்?

விதைப் பக்கமிருந்தும் ஒரு வழி வந்திருக்கிறது. நெல்வேர் மாங்கனீசு என்று நினைத்து உள்ளே விடும் அதே வாசலில்தான் காட்மியமும் நுழைகிறது. கோஷிஹிகாரி நெல்லைக் கார்பன் அயனிக் கற்றையில் காட்டி, அந்த வாசல் பழுதான வகையைப் பிரித்தெடுத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். அந்த வகையின் அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. அதன் வழி வந்த அகிதகொமாச்சி ஆர் என்ற நெல்லுக்கு, பழைய சுரங்கங்கள் நிறைந்த அகிதா மாகாணம் 2025-இல் மாறியது. கதிர்வீச்சு பட்ட விதையா என்று தயங்குகிறவர்கள் அங்கே உண்டு. அவர்கள் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். மண்ணை நம்பி ஏமாந்த நாடு அது.

அரசு ஏற்றுக்கொண்ட இதாய்-இதாய் நோயாளிகள் சுமார் 200 பேர். எலும்பு இளகும் கட்டம்வரை போகாமல் சிறுநீரகம் மட்டும் பழுதானவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு 6 லட்சம் யென் தர சுரங்க நிறுவனம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2013 டிசம்பரில்.

1972-இல் வென்ற மறுநாள், ஆகஸ்ட் 10 அன்று, ஊர்க்காரர்கள் டோக்கியோவுக்குப் போய் நிறுவனத்தோடு உட்கார்ந்து மூன்று காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று நோயாளிகளுக்கான இழப்பீடு. ஒன்று மண்ணுக்கு. மூன்றாவதில் எண்ணே கிடையாது: தேவை என்று நினைக்கும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் தங்கள் வல்லுநர்களோடு சுரங்கத்துக்குள் நுழைந்து பார்க்கலாம், செலவு நிறுவனத்துடையது. கமியோகாவில் தாது வெட்டுவது 2001-இல் நின்றது. கழிவு மேடுகள் இன்னும் ஆற்றுக்கு மேலேதான் இருக்கின்றன, உருக்காலையும் ஓடுகிறது. ஆகவே பரிசோதனைப் பயணமும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் கீழ்ச் சமவெளியிலிருந்து விவசாயிகள், வழக்கறிஞர்கள், ஆய்வாளர்கள் மலையேறுகிறார்கள். வழக்குப் போட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். வடிகால் வாயில் குனிந்து, ஆற்றில் இறங்குவதற்கு முன் அந்தத் தண்ணீரைக் குப்பியில் பிடிக்கிறார்கள்.